கிரிப்டோகாக்கஸ்: 'கவசப்பூஞ்சை' எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

கிரிப்டோகாக்கஸ் என்பது மூளையைச் சுற்றிய உறையைத் தாக்கக்கூடிய ஒரு பூஞ்சை. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் குழுவுக்கு இதுவரை 'மறைகோளம்', 'புறாப்பூஞ்சை', 'உறைப்பூஞ்சை' என்று மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன. இவற்றில் 'மறைகோளம்' கிரேக்க வேர்களுக்கு விசுவாசமானது, அவ்வளவுதான். வார்டில் படுத்திருப்பவரின் மகனுக்கு அது எதையும் சொல்லாது.

'புறாப்பூஞ்சை' வேண்டவே வேண்டாம். புறா எச்சத்தில் இந்தக் கிருமி இருப்பது உண்மை. மண்ணிலும் மரப்பொந்திலும்கூடத்தான் இருக்கிறது. மூச்சோடு அது பலருக்குள்ளும் போகிறது. நோயாக மூளைக்கு ஏறுவது பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி சரிந்தவர்களிடம், குறிப்பாக எச்.ஐ.வி. தொற்றில் சிடி4 என்னும் எதிர்ப்பு வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 100-க்குக் கீழே இறங்கியவர்களிடம். 2021-இல் 'கருப்புப் பூஞ்சை' என்ற பெயர் செய்த குழப்பம் போதாதா? அந்த நோயைத் தரும் மியூகர் பூஞ்சை கருப்பே அல்ல. அது ரத்தக்குழாயில் புகுந்து அடைத்துவிடுவதால் செத்துப்போகும் சதைதான் கருப்பு. குளிர்சாதனப் பெட்டியின் ரப்பர் விளிம்பில் படிந்த கறையைக் கண்டெல்லாம் அப்போது மக்கள் அஞ்சினார்கள்.

'உறைப்பூஞ்சை' நெருங்கி வருகிறது, இந்தப் பூஞ்சையின் அணுவைச் சுற்றி ஓர் உறை உண்டு. ஆனால் நோயின் பெயரை 'உறைப்பூஞ்சை மூளையுறை அழற்சி' (மெனிஞ்சைட்டிஸ்) என்று ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எந்த உறை எதன் உறை?

என் பரிந்துரை 'கவசப்பூஞ்சை'. முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரில் ஒரு துளி இந்தியா மையை (அடர்கருப்பு மை) கலந்து நுண்ணோக்கியில் வைத்தால் புலம் முழுவதும் கருத்துவிடும். நடுவே வட்ட வட்டமாக ஈஸ்ட் அணுக்கள். ஒவ்வொன்றையும் சுற்றி மை நுழைய முடியாத வெளிச்ச வளையம். அந்த வளையம்தான் கவசம், கூட்டுச்சர்க்கரையால் ஆனது. ரத்தத்தில் செய்யும் ஆன்டிஜென் பரிசோதனை தேடுவதும் அந்தக் கவசப் பொருளைத்தான். அது கழன்று சேர்ந்து மூளைநீர் வடியும் வழிகளை அடைப்பதால்தான் தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது; தலைவலி மண்டையைப் பிளக்கிறது, பார்வை மங்குகிறது. அழுத்தத்தைத் தணிக்கத் திரும்பத் திரும்ப முதுகில் நீர் எடுக்க வேண்டியிருக்கிறது. பெயரில் கவசம் இருந்தால் இவ்வளவையும் மாணவருக்கு ஒரே கொக்கியில் மாட்டிவிடலாம்.

அடுத்து, நோயின் பெயரில் வரும் 'அழற்சி'. இங்கே மருத்துவ நண்பர்கள் சண்டைக்கு வரலாம். எச்.ஐ.வி. நோயாளியின் மூளைநீரில் வெள்ளணுக்கள் பல சமயம் மிகக் குறைவு, அழற்சியே பெயரளவுக்குத்தான். காசநோய் மூளையுறை அழற்சியில் உதவும் ஸ்டீராய்டு, எச்.ஐ.வி. நோயாளிகளின் இந்தத் தொற்றில் கெடுதலே செய்தது என்று ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே 'கவசப்பூஞ்சை மூளையுறைத் தொற்று' என்பேன். 'மூளைக்காய்ச்சல்' வேண்டாம், அது ஏற்கெனவே ஜப்பானிய வகைக்குப் போய்விட்டது.

சிகிச்சைக் கட்டங்களுக்கும் சொல் தேவை. முதல் இரண்டு வாரம் ஆம்போடெரிசின்-பி, ஃப்ளூசைட்டோசின் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்துகள்: 'அடக்கும் கட்டம்'. பிறகு எட்டு வாரம் ஃப்ளூகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மாத்திரை: 'நிலைப்படுத்தும் கட்டம்'. எதிர்ப்புச் சக்தி தேறும்வரை குறைந்த அளவில் அதே மாத்திரை: 'காப்புக் கட்டம்'. 2022-இல் உலக சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி. நோயாளிகளுக்குத் தினசரி ஊசிக்குப் பதிலாக உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் லிப்போசோம் ஆம்போடெரிசினை (நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்த அதே மருந்து) ஒரே முறை ஏற்றி, 14 நாள் ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் தரப் பரிந்துரைத்தது. 'லிப்போசோம்' என்பதற்குக் 'கொழுப்புறை' என்று ஒருவர் எழுதியிருந்தார். மறுபடியும் உறையா? மருந்துப் பெயர்களை ஒலிபெயர்ப்பிலேயே விட்டுவிடலாம். மருந்துக் கடையில் சீட்டைக் காட்டும்போது அதுதான் உதவும்.

'கவசப்பூஞ்சை'யில் ஒற்று மிகுமா என்று கேட்டிருந்தவருக்கு: கவசத்தை உடைய பூஞ்சை என்று விரியும், மிகும்.