அவெஞ்சரில் தோல் பக்கப்பைகள்: பின்சில்லில் உரசாமல் பூட்டுவது எப்படி?

மருதமுனை_நெசவு:
அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எனது பஜாஜ் அவெஞ்சர் மோட்டார் சைக்கிளில், இருக்கையின் குறுக்கே பட்டி போட்டுத் தொங்கவிடும் சோடித் தோல் பைகளைப் பாவிக்கிறேன். கைத்தறிச் சாரன்களையும் சாரிகளையும் வாரந்தோறும் பொத்துவில் கடைகளுக்குக் கொண்டு செல்வதால், ஒவ்வொரு பையிலும் ஐந்து கிலோ வரை இருக்கும். சென்ற வாரம் மகனையும் ஏற்றிச் சென்று திரும்பியபோது, இடப்பக்கப் பையின் உட்புறத்தில் உள்ளங்கையளவு இடம் டயரில் உரசித் தேய்ந்து, தையல் அறுந்து, உள்ளே இருந்த சாரனின் கரையில் கறுப்புப் படிந்திருந்தது. நிறுத்தி வைத்துப் பார்த்தால் பைக்கும் சில்லுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கிறது. கம்பிச் சட்டம் பூட்ட வேண்டும் என்கிறார்கள். அதை எங்கே பூட்டுவது, மாரிக்கு முன் தோலுக்கு என்ன செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கல்லடி_ஓட்டுனர்:
நானா, நீங்கள் அளந்தது வெறும் வண்டியின் இடைவெளி. ஆள் ஏறிப் பள்ளத்தில் விழும்போது ஷொக் (அதிர்வு தாங்கும் சுருள்வில்) அமுங்கிச் சில்லு மேலே வருகிறது, அதே கணத்தில் பையும் உள்ளே வீசுகிறது. பட்டி பையைத் தூக்கிப் பிடிக்குமே தவிர, உள்ளே போவதைத் தடுக்காது. 10 மில்லிமீற்றர் இரும்புக் கம்பியை வளைத்துச் சட்டமாக்கி, முன்முனையை ஷொக்கின் மேல்முனை பூட்டப்பட்டிருக்கும் இடத்திலும், பின்முனையை மட்கார்டைத் தாங்கும் சட்டத்திலும் பூட்டுங்கள். சட்டத்தின் முனையில் வரும் பூட்டுத் தட்டின் தடிப்பால் பழைய போல்ட் எட்டாத இடத்தில், நட்டுக்கு வெளியே இரண்டு புரியாவது தெரியும்படி, தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த நீளமான போல்ட்டைப் போடுங்கள். சாரி சிக்காமல் இருக்க இடப்பக்கத்தில் வரும் கம்பியிலேயே பையைக் கட்டிவிடுவோர் உண்டு. அது துணியைத் தடுக்க வந்தது, பாரம் தாங்க வந்ததன்று.

பூட்டியபின் இருவர் ஏறி அமுக்க, மூன்றாமவர் பின்னால் குந்தியிருந்து டயர், செயின், சிக்னல் லைட் மூன்றையும் பார்க்க வேண்டும். பைகளின் உட்புறத்தில் சோக்கட்டியைத் தேய்த்துவிட்டு ஒரு பயணம் போய் வாருங்கள். எங்கே படுகிறது என்பதை அழிந்த இடமே காட்டிவிடும். கீழ்ப்பட்டிகளின் நுனியைத் தொங்கவிடாதீர்கள், அது சில்லில் சுற்றினால் பையோடு நீங்களும் விழுவீர்கள்.

வாவிக்கரை:
வலப்பக்கத்தில் சைலன்சர் இருப்பதை மறக்க வேண்டாம். ஈரத் தோல் காய்ந்த தோலைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கி விறைத்துவிடும் என்பதால், மழையில் நனைந்த பையே முதலில் கெடும். சைலன்சருக்கும் பைக்கும் நடுவே சட்டத்தில் ஓர் அலுமினியத் தகடு பூட்டினால் நல்லது.

ஏறாவூர்_பயணி:
தோலைப் பற்றிக் கேட்டீர்கள். எனது முதற் சோடியை மாரியில் நனைந்தபின் மதில்மேல் வெயிலில் காயவைத்தேன். மூடி ஓடுபோல் வளைந்து, கொக்கி துவாரத்துக்கு எட்டவே இல்லை. அன்று நான் பட்ட கவலை உங்களுக்கு வேண்டாம். துணியால் ஒற்றி, உள்ளே பழைய பத்திரிகைத் தாளை அடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். தேன்மெழுகு கலந்த தோல் மெழுகை மாரிக்கு முன்பும், கச்சான் காற்றில் தோல் வறளும் மாதங்களிலும் பூசுங்கள், தையல் ஓரங்களில் சற்று அதிகமாக. மெழுகு பூசினாலும் தையல் வழியே நீர் இறங்கும், ஆகவே சாரிகளைப் பொலித்தீன் பையில் கட்டியே வையுங்கள். நமது கரையோரத்து உப்புக்காற்றில் இரும்பு ரிவெட் துருப்பிடித்துத் தோலையும் அரிக்கும். கல்முனையில் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்துப் பித்தளையாக மாற்றிக் கொள்ளுங்கள்.

மருதமுனை_நெசவு:
மூவருக்கும் மிக்க நன்றி. சட்டத்தை வெல்டிங் கடையில் செய்வித்துப் பூட்டி, நேற்று மகனோடு பொத்துவில் போய் வந்தேன். இடப்பக்கச் சோக்கு அப்படியே இருக்கிறது. வலப்பக்கப் பையின் கீழ்மூலையில் மட்டும் இரண்டு விரல் அகலம் அழிந்திருக்கிறது. தகடு பூட்டும்போது அந்தப் பக்கச் சட்டத்தையும் சற்று மேலே உயர்த்தச் சொல்லியிருக்கிறேன்.