பம்ப்பைக் கழற்றுவதற்கு முன்னால்: சைட்டில் பழைய டீசல் வண்டி பார்த்தவர்களின் அனுபவங்கள்

கரூர் குவாரி மெக்கானிக்:

பழைய வண்டி சைட்டில் மக்கர் செய்தால் ஓனருக்கு முதல் சந்தேகம், நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப் மேல்தான் வரும். என் கணக்கில் அது கடைசியாக வரவேண்டிய சந்தேகம். ஒன்று சொல்கிறேன், உங்களிடமும் இருந்தால் எழுதுங்கள்.

ஒரு கிரஷரில் பழைய ஜேசிபி. காலையில் செல்ஃப் அடித்தவுடன் பிடிக்கும். ஒரு மணி நேரம் வேலை செய்ததும் லோடில் திணறி ஆஃப் ஆகிவிடும். பத்து நிமிஷம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகி ஒழுங்காக ஓடும். நான் போவதற்குள்ளேயே பம்ப்பை இறக்கி சர்வீஸ் செய்து மாட்டிவிட்டார்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலும் புதுசு. கோளாறு மட்டும் போகவில்லை.

சூட்டில் பம்ப்புக்குள் டீசலை அழுத்தும் எலிமெண்ட் லூஸ் ஆகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் பத்து நிமிஷத்தில் எஞ்சின் எங்கே ஆறப்போகிறது? எலிமெண்ட் தேய்ந்திருந்தால் சூட்டோடு ஸ்டார்ட் செய்யவே பாடாய்ப் படுத்தும். இது அப்படி இல்லை.

முதலில் டேங்க் மூடியைப் பார்த்தேன். மூடியின் காற்று ஓட்டை தூசியில் அடைத்துப்போனால் டேங்கில் வெற்றிடம் ஏற்பட்டு டீசல் வராது. ஆஃப் ஆன உடனே மூடியைத் திருகினால் ‘புஸ்’ என்று காற்றை உள்ளே இழுக்கும். இங்கே சத்தமே இல்லை. சரி, அடுத்தது கேன் வைத்தியம். ஐந்து லிட்டர் கேனை எஞ்சினுக்கு மேலே கட்டி, நல்ல டீசலை ஊற்றி, உள்ளே தெரிகிற ஹோஸ் வழியாக நேராக, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீடு பம்ப்புக்குக் கொடுத்தேன். மிச்ச டீசல் ரிட்டர்ன் லைனில் டேங்குக்கே போய்விடும் என்பதால் ஹெல்பர் பக்கத்தில் நின்று ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மதியம் வரை வண்டி அசரவில்லை. ஆக பம்ப், நாசில், ஃபில்டர் மூன்றும் நிரபராதி. கோளாறு டேங்குக்கும் ஃபீடு பம்ப்புக்கும் நடுவில்தான்.

டேங்கை இறக்கினால் உள்ளே, கேன் மூடிக்குள் வட்டமாக இருக்குமே, அந்த பிளாஸ்டிக் சீல். வண்டி ஓடும்போது உறிஞ்சும் பைப்பின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆஃப் ஆனால் இழுவை நின்று தானாக விலகிவிடும். லைனில் காற்றடித்தவர்களுக்கெல்லாம் ‘சரியாகிவிட்டது’ என்று தோன்றியதற்கும் இதுதான் காரணம். சைட்டில் கேனில் டீசல் ஊற்றுகிறவர்கள் புனலில் வலை போடுங்கள்.

திருச்செங்கோடு ரிக்காரர்:

கேன் வைத்தியம் நல்ல வேலை அண்ணே. எங்களுக்கு டீசலைவிட காற்றுதான் பெரிய தலைவலி. போர் போடும் இடத்தில் கல்மாவு எப்படிப் பறக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மத்தியப் பிரதேசத்தில் ஓடிக்கொண்டிருந்த போர்வெல் ரிக்கில் கம்ப்ரசர் எஞ்சின் ஐடிலில் சுத்தமாக ஓடும். லோடு ஏற்றினால் கரும்புகை, ஆர்பிஎம் இறங்கும். கரும்புகை என்றால் எரிகிற டீசலுக்குப் போதுமான காற்று இல்லை என்று அர்த்தம். டீசல் அதிகமா, காற்று குறைவா, அதைத்தான் பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் உள், வெளி இரண்டும் புதுசு. எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவின் சாஃப்டில் ஆட்டம் இல்லை. டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸில் சோப்புத் தண்ணீர் தேய்த்தும் குமிழி வரவில்லை.

கடைசியில் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டேன். வெளியே வெடிப்பு கிடையாது, கிளாம்ப் போட்ட இடம்கூடப் பளபளவென்று இருந்தது. உள்பக்க ரப்பர் மட்டும் துணியை விட்டுப் பிரிந்து வாழைப்பழத்தோல் மாதிரி தொங்கியது. ஐடிலில் காற்று மெதுவாகப் போகும், ஒன்றும் தெரியாது. டர்போ பலமாக இழுக்கும்போது அந்தத் தோல் எழும்பி வழியை அடைத்துவிடும். எண்ணெய் பட்டு ஊறிய ஹோஸில் இது சகஜம். புகையைப் பார்த்து பம்ப்பில் டீசலைக் குறைத்து வைக்கச் சொன்னார் ஒருவர். புகை குறைந்திருக்கும்தான், கம்ப்ரசரும் படுத்திருக்கும்.

பொக்லைன் ஆப்பரேட்டர், பெரம்பலூர்:

எங்கள் வண்டியில் செல்ஃப் இழுக்கவே இல்லை. பேட்டரி மாற்றி, செல்ஃபுக்குக் காயில் கட்டி, எல்லாம் செய்தாகிவிட்டது. வந்த எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துவிட்டு என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அரை வோல்ட் தாண்டினாலே எர்த் சரியில்லையாம். விற்பதற்கு முன்னால் யாரோ வண்டிக்கு பெயின்ட் அடித்தபோது எர்த் லக்குக்கு அடியிலும் அடித்து வைத்திருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கினார், அவ்வளவுதான். மீட்டர் இல்லாத இடத்தில் ஜம்பர் கேபிளை மைனஸிலிருந்து நேராக பிளாக்குக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

புதுசாகத் தொழில் கற்கும் தம்பி:

அண்ணே, மிஸ்ஸிங் (ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யாமல் போவது) இருந்தால் நாசில் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்து பார்ப்பார்களே, அது எல்லா வண்டிக்கும் ஆகுமா? அப்புறம் எங்கள் பழைய டோசரில் எஞ்சின் ஆயில் லெவல் ஏறிக்கொண்டே போகிறது. ஓனர் ‘குறையலையே, நல்லதுதானே’ என்கிறார்.

கரூர் குவாரி மெக்கானிக்:

தம்பி, பழைய மெக்கானிக்கல் பம்ப்புக்கு மட்டும்தான் அது. நட்டை லூஸ் செய்யும்போது சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. மாறவில்லையென்றால் அதுதான் சோம்பேறி. அதிலும் 200 பாருக்கு மேல் பிரஷர் இருக்கும், துணி போட்டுத்தான் தொட வேண்டும். கம்ப்யூட்டர் நாசிலை இயக்கும் புது காமன் ரயில் எஞ்சினில் 1000 பாருக்கு மேல் போகும், அதில் நட்டு பக்கமே போகாதே. பீச்சியடிக்கும் அந்த டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஊசி குத்தின மாதிரி சின்னதாகத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும்.

ஆயில் ஏறுவது நல்லதே இல்லை. வண்டியை இப்போதே நிறுத்து. ரேடியேட்டர் தண்ணீர் கலந்தால் ஆயில் பால் மாதிரி வெளுக்கும். வெளுக்காமல் நீர்த்துப்போய் டீசல் வாசம் அடித்தால், பிளாக்கில் மாட்டியிருக்கும் ஃபீடு பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், இல்லை பம்ப் சாஃப்ட் சீல் போயிருக்கலாம். பேரிங் தேய்வது ஒரு பக்கம். லெவல் மிஞ்சி எஞ்சின் அந்த ஆயிலையே இழுத்து எரிக்க ஆரம்பித்தால் ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது, எகிறிக்கொண்டே போகும். அப்போது காற்று வாயைப் பலகையால் அடைப்பதுதான் வழி, கையை வைக்காதே. டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் விட்டுப் பார். நடுவில் கறுப்பும் சுற்றி வெளிறிய வளையமுமாகப் பரவினால் டீசல் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

புதுசாகத் தொழில் கற்கும் தம்பி:

வளையம் வருது அண்ணே, டீசல் வாசமும் அடிக்குது. ஃபீடு பம்ப்பைக் கழற்றினேன், டயஃப்ரம் ஓரத்தில் நகம் நீளத்துக்குக் கிழிசல். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றாமல் ஸ்டார்ட் பண்ண மாட்டேன் என்று ஓனரிடம் சொல்லிவிட்டேன். திட்டிக்கொண்டே ஆயில் வாங்கப் போயிருக்கிறார்.