நீலகிரித் தோடர் பழங்குடிப் பெண்கள் கையால தைக்கிற சால்வை விற்கப் போய் உங்களுக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க

குன்னூர்ச்சாரல்:
சென்னையில ஒரு கண்காட்சி. தோடர் அக்கா ரெண்டு பேருக்குத் துணையா ஸ்டால்ல நின்னேன். வித்தது பூத்துக்குளி, அதான் வெள்ளைத் துணியில கறுப்பு, சிவப்பு நூலால பூ தைச்ச சால்வை. ஒரு அம்மா சால்வையைப் புரட்டிப் பார்த்தாங்க, மறுபடி புரட்டினாங்க. "பின்பக்கமும் இவ்வளவு சுத்தமா இருக்கே, மெஷின்தானே? பாதி விலைக்குக் குடுங்க"ன்னாங்க. வேலை நல்லா இருந்ததே குத்தமாப் போச்சு! அக்கா வாயே திறக்கலை. பையிலிருந்து பாதியில நிக்கிற துணியை எடுத்து மடியில விரிச்சு, நகத்தால இழையை எண்ணி எண்ணி ஊசியை விட்டாங்க. பென்சில் கோடு இல்லை, துணியை இழுத்துப் பிடிக்கிற சட்டமும் இல்லை. கறுப்பு நூல் ஒரு வரிசை முடியறதுக்குள்ள அந்தம்மா பக்கத்து ஸ்டாலுக்கு ஊறுகாய் ருசி பார்க்கப் போயிட்டாங்க.

நாலாம்வளைவு:
சாரல், சென்னைக்காரங்க மேல மட்டும் பழி போடாதீங்க. ஊட்டியில மட்டும் என்ன வாழுதாம்? நான் டாக்சி ஓட்டறவன். சவாரி வந்த குடும்பம் ஒரிஜினல்தான் வேணும்னாங்க, ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். சுவத்துல சால்வை போர்த்தின தோடர் பாட்டி படம். அதுக்கு நேர் கீழே அடுக்கினது பூரா பவர்லூம் சரக்கு, கறுப்பும் சிவப்பும் போட்டு. இந்தப் பேர்ல வேற யாரும் விக்கக்கூடாதுன்னு 2013லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சே, யார் வந்து கேட்டாங்க? அவங்க மூணு வாங்கினாங்க. கடைக்காரர் எனக்குக் கமிஷன் நீட்டினார், வேணாம்னுட்டேன். அதுக்கப்புறம் அவர் என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்லை.

ஈரோடு_எக்ஸ்போர்ட்:
என் கதை சின்னது. 100 மேஜை விரிப்பு ஆர்டர் குடுத்தேன், தேதிக்குப் பாதிதான் வந்தது. பார்ட்டி கேன்சல் பண்ணிட்டான். அதனால சொல்றேன், எல்லாரும் குறிச்சு வெச்சுக்கோங்க. குறியீடு வாங்கினா மட்டும் போதாது, தைக்கிற ஒவ்வொருத்தரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா பதியணும். அந்தக் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியிலதான் இருக்கு. போலிக்காரன் மேல கேஸ் போடணும்னா அப்பதான் கை ஓங்கும். அடுத்தது துணி. ஊடும் பாவும் ஒரே சீரா இருக்கணும், இல்லேன்னா எண்ணித் தைக்கிற பூ கோணிக்கும். சாயம் போகாத நூலா பாருங்க, ஒரு தடவை சிவப்பு வெள்ளையில இறங்கினா அந்த கஸ்டமர் போச்சு. சால்வையை மட்டும் நம்பாதீங்க. கண்ணாடிக்கூடு, மொபைல் பை, ஸ்டோல்னு சின்னதா இறங்குங்க. இழை எண்ணறதை வீடியோ எடுத்து சீட்டுல க்யூஆர் கோடு ஒட்டுங்க, மெஷினான்னு எவனும் கேக்க மாட்டான். தமிழ்நாடு அரசோட கைவினைக் கடை பூம்புகார், பழங்குடிப் பொருள் விக்கிற மத்திய அரசு அமைப்பு ட்ரைஃபெட், ரெண்டுலயும் சரக்கு காட்டுங்க. "வித்தா காசு"ன்னு சொல்ற கடைக்கு மட்டும் குடுக்கவே குடுக்காதீங்க.

மந்து_மருமக:
அண்ணா, 100 விரிப்புன்னு சுலபமா சொல்லிட்டீங்க. மூடுபனி இறங்கினா எங்க வீட்டுல வாசப்படி வெளிச்சத்துலதான் தைக்கணும், பல்பு வெளிச்சத்துல இழை எண்ணினா மாமியாருக்குக் கண்ணுல தண்ணி கொட்டும். மாட்டைப் பார்க்கணும், சோறு ஆக்கணும், நடுவுல கிடைக்கிற நேரந்தான் ஊசிக்கு. நீங்க சொன்ன "வித்தா காசு" கடைக்கும் குடுத்துப் பார்த்தோம். மழைக்காலம் பூரா ஷோகேஸ்ல தொங்கவிட்டு, மடிப்பெல்லாம் பழுப்பேறித் திருப்பி அனுப்பினாங்க.

எனக்கு ஆறாதது வேற. ஒரு வியாபாரி மந்துக்கே, அதான் எங்க தோடர் குடியிருப்புக்கே, வந்தார். டீ குடுத்தோம். சால்வையைத் தடவித் தடவிப் பார்த்துட்டு, "இதே பூவை மிதியடியில போட்டுத் தருவீங்களா? ஹோட்டல்ல நல்லா போகும்"னார். எங்க சாவுல இறந்தவங்களுக்குப் போர்த்தறதும் பூத்துக்குளிதான். மாமியார் அவர் கையிலிருந்து சால்வையை வாங்கி மடிச்சு எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க. மனுஷனுக்குப் புரியவே இல்லை. "ரேட் கட்டலைன்னா சொல்லச் சொல்லும்மா"ங்கறார் என்கிட்ட.

ஈரோடு_எக்ஸ்போர்ட்:
மிதியடி தப்புதாம்மா. சுவர்ல மாட்டற மாதிரி செய்வாங்களா? 20 இருந்தா போதும்.

குன்னூர்ச்சாரல்:
அந்தப் பாதி விரிப்புக்குக் காசு குடுத்துட்டீங்களா சார்?