நெற்றிச் சுருக்கம் செய்துகொண்டிருந்த வேலை

தஞ்சாவூர், 61 வயது, ஓய்வு பெற்ற நூலகர்:

முகத்துக்குச் சிகிச்சை செய்துகொண்டதை எழுதலாமா என்று ஆறு மாதம் யோசித்தேன். எனக்கு நேர்ந்தது இன்னொரு பெண்ணுக்கு நேரக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

என்னைப் பார்ப்பவர்கள் எல்லாரும் "உடம்பு சரியில்லையா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நன்றாகத் தூங்கி எழுந்து, தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாலும் அதே கேள்வி. கண்ணாடியில் பார்த்தால் நெற்றியில் நான்கு கோடுகள், பனையோலையில் எழுத்தாணி கீறியது போல. குற்றவாளி அவைதான் என்று நானே முடிவு கட்டி, ஓர் அழகு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். பத்து நிமிடத்தில் நெற்றியில் போடாக்ஸ் ஊசி, அதாவது தசையைச் சில மாதம் அசையவிடாமல் செய்யும் மருந்து, போட்டார்கள். என் கண்ணை யாரும் கவனித்துப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் நெற்றி மழமழவென்று ஆகிவிட்டது. அதே நாளில் இமையின் மேல் ஈரத்துணியைப் போட்டது போல ஒரு கனம். புருவத்தை உயர்த்தப் பார்த்தால் நெற்றி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நாளிதழைத் தூக்கிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்துப் படித்தேன். சாலையைக் கடக்கவே பயம். திரும்பப் போய்க் கேட்டதற்கு, "மருந்தின் வேகம் குறையும்வரை பொறுங்கள்" என்றார்கள். தோலுக்கடியில் நிரப்பும் ஜெல்லான ஹையலூரானிக் அமில ஃபில்லராக இருந்தால் கரைக்க ஓர் ஊசி உண்டு. போடாக்ஸுக்கு அப்படி எதுவும் கிடையாது. மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே ஓட்டினேன்.

பிறகு திருச்சியில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன். கண்ணை மூடச் சொன்னார். இரண்டு கட்டைவிரல்களால் என் புருவங்களை எலும்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்போது திறங்கள் அம்மா" என்றார். திறந்தேன். எதிரே நின்றவரின் சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன, முகம் தெரியவில்லை. அடுத்து, மேலிமையில் தொங்கிய தோலை ஒரு துண்டு பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டினார். சுவர்க் கடிகாரம், அதற்கும் மேலே மின்விசிறி, எல்லாம் ஒரே பார்வைக்குள் வந்துவிட்டன. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலையில் கடைசி ஐந்தாறு ஆண்டுகள் மேல் தட்டுப் புத்தகங்களின் பெயரைப் படிக்க அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்ததே, அதற்குக் காரணம் இந்தத் தோல்தான்.

வயதாகும்போது மேலிமைத் தோல் தளர்ந்து கண்ணின் மேல் வழிகிறது. பார்வை மறையாமல் இருக்க, நெற்றித் தசை நமக்குத் தெரியாமலேயே நாள் முழுவதும் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் நெற்றிக் கோடுகள் அந்த உழைப்பில் விழுந்தவை. ஊசி அந்தத் தசையை முடக்கியதும் தூக்கிப் பிடிக்க ஆளில்லாமல் இமை இறங்கிவிட்டது. இதை முதல் இடத்திலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

மேலிமையில் மிஞ்சிய தோலை வெட்டி எடுக்கும் அறுவை செய்துகொண்டேன். அதற்கு முன் நிறையப் பார்த்தார்கள். தோல் மட்டும் தளர்ந்திருக்கிறதா, இமையைத் தூக்கும் தசையும் தளர்ந்திருக்கிறதா என்று அளந்தார்கள். தசை தளர்ந்திருந்தால் செய்யும் அறுவையே வேறு. கண் வறட்சி உண்டா என்று பார்க்கக் கீழிமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி 5 நிமிடம் உட்கார வைத்தார்கள். வெட்ட வேண்டிய கோட்டை நான் உட்கார்ந்திருக்கும்போதே இமையில் வரைந்தார் டாக்டர். படுத்தால் தோல் ஒதுங்கி, கணக்கு தப்பிவிடுமாம். மரத்துப்போகும் ஊசி மட்டும்தான், ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே படுத்திருந்தேன். பிறகு ஐஸ் ஒத்தடம், இரண்டு தலையணை வைத்துத் தூக்கம், ஆறாம் நாள் தையல் பிரிப்பு. கண்ணைச் சுற்றி நாவற்பழ நிறத்தில் கன்றியிருந்தது, இரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறைந்தது. முதல் சில நாள் கண் முழுதாக மூடவில்லை, இரவில் களிம்பு போட்டுக்கொண்டேன்.

நெற்றியில் இப்போது இரண்டு மெல்லிய கோடுகள்தான் இருக்கின்றன. மற்றவை தாமாகவே தளர்ந்துவிட்டன.

நெற்றி ஊசிக்குப் போக நினைப்பவர்கள் வீட்டிலேயே புருவத்தை அழுத்திப் பிடித்துக் கண்ணைத் திறந்து பாருங்கள். மேல்பக்கம் மறைந்தால் அதைச் சொல்லாமல் நெற்றியைக் காட்டாதீர்கள். ஒரு பக்க இமை மட்டும் திடீரென்று இறங்கினாலோ, மாலையில் அதிகமாகத் தொங்கினாலோ, உடனே கண் மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ பாருங்கள். அதற்குப் பின்னால் வேறு நோய் இருக்கலாம்.

கோயம்புத்தூர், 64 வயது:

அம்மா, தைரியமாக எழுதியிருக்கிறீர்கள். நான் தாடைக்கும் கழுத்துக்கும் ஃபேஸ்லிஃப்ட், அதாவது தளர்ந்த தோலை இழுத்துத் தைக்கும் அறுவை, செய்துகொண்டவன். ஆண்கள் இதை வெளியே சொல்வதில்லை, அதனால் நானும் சொல்லிவிடுகிறேன்.

புகை பிடிப்பதை நிறுத்தி 4 வாரம் ஆன பிறகுதான் தேதி தருவேன் என்றார் டாக்டர். காதைச் சுற்றி வெட்டித் தோலைத் தூக்கிய பின், அந்தத் தோல் பிழைப்பது நுண்ணிய ரத்தக் குழாய்களை நம்பித்தான். புகை அவற்றைச் சுருக்கிவிடும். காதுக்குப் பின்னால் தோல் கறுத்துச் செத்தே போகலாம். நிறுத்தினேன். ஆனால் எனக்கு ரத்த அழுத்தமும் உண்டு. அறுவை முடிந்த அன்று இரவு வலது கன்னம் விண்ணென்று இறுகி, மணிக்கு மணி வீங்கியது. ரத்தக்கட்டு. நள்ளிரவில் மறுபடி தையலைப் பிரித்து எடுத்தார்கள். தாடி வளரும் தோலில் ரத்த ஓட்டம் அதிகம், ஆகவே ஆண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நான்தான் சரியாகக் காதில் வாங்கவில்லை. முதல் இரவு தனியாக இருக்காதீர்கள். என் மனைவி விழித்திருந்து பார்த்ததால் பிழைத்தேன்.

காது மடல் எட்டு மாதம் மரத்திருந்தது. தாடித்தோல் பின்னால் நகர்ந்துவிட்டதால் இப்போது காதின் பின்பக்கமும் சவரம் செய்கிறேன்.

மதுரை, 34 வயது:

அக்கா, என் அம்மாவுக்கும் இமை இப்படித்தான் தொங்குகிறது. போன ஆண்டு இளமையாகத் தெரிய வேண்டும் என்று ஓர் இடத்தில் முகத்துக்கு ரசாயனப் பூச்சு போட்டு உரித்தார்கள். நம் நிறத்துக்கு அது வலுவாகிவிட்டதோ என்னவோ, கன்னத்தில் கருந்திட்டு விழுந்து எட்டு மாதம் வெயிலில் போகவே மறுத்தார். இப்போது இமைக்குக் காப்பீட்டில் பணம் கிடைக்குமா?

தஞ்சாவூர்:

கண்ணு, அழகுக்காகச் செய்யும் அறுவைக்குக் கிடையாது. இந்திய மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் அதை விலக்கி ஒரு பிரிவே உண்டு. பார்வை மறைகிறது, மருத்துவத் தேவை என்று டாக்டர் சான்று கொடுத்தால் கேட்டுப் பார்க்கலாம். பிளாஸ்திரி ஒட்டியும் ஒட்டாமலும் எடுத்த பார்வைப் புலச் சோதனையின் தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொள். அறுவை செய்பவர் எம்.சி.எச். என்ற அறுவை மருத்துவ உயர்படிப்பைப் பிளாஸ்டிக் சர்ஜரியில் படித்தவரா, இமை அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற கண் மருத்துவரா என்று முதலில் கேள். அம்மா ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

போகும்போது அம்மாவின் முப்பது, முப்பத்தைந்து வயதுப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு போ. என்னிடம் டாக்டர் அதைத்தான் முதலில் கேட்டார். சிலருக்கு இமை இளமையிலேயே சற்றுத் தாழ்ந்துதான் இருந்திருக்கும். அந்தப் படத்தில் இருப்பதைவிட இமை உயரும்படி வெட்டக் கூடாது என்றார்.