ஏஐ ஏஜென்ட் பதிவு போடலாம், ஆனால் எதையும் அழிக்கக் கூடாது. எப்படிப் பூட்டுவது?

பழைய லயம் (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். எங்கள் ரப்பர் தோட்டத்துச் சனங்களுக்காக ஒரு ஃபேஸ்புக் பக்கம் நடத்துகிறேன். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளையெல்லாம் இடித்துச் செம்பனை நட்டாகிவிட்டது, தீமிதிக்கு மட்டும்தான் ஊர்ப்பக்கம் ஆள் வருகிறது, மற்ற நாளில் நாங்கள் கூடுகிற இடம் இந்தப் பக்கம்தான். திருவிழா அறிவிப்பு போட, கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல என்று பிரவுசரில் ஓடும் ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானாகச் செய்யும் மென்பொருள்) ஒன்றை என் லாகினிலேயே விட்டேன். ஒரே படம் இரண்டு மூன்று தடவை இருந்தால் ஒழுங்குபடுத்து என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் 31 பதிவுகளைக் காணோம்.

படம் ஒன்றுதான், சரி. ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எடுத்த அந்தப் படத்தை வருசா வருசம் போடுவேன், ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் வந்து அடியில் எழுதுவார்கள். "இடது ஓரத்தில் பால் வாளியோடு நிற்பது எங்கள் அம்மா, அன்றைக்குக் காய்ச்சலோடு பால் வெட்டுக்குப் போனாங்க" என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். அந்த அக்கா இப்போது இல்லை. திரும்பக் கிடைக்குமா? இனிமேல் இப்படி நடக்காமல் எப்படித் தடுப்பது?

மின்கம்பி:
அண்ணே, முதலில் ஏஜென்ட்டை நிறுத்துங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். அப்புறம் பக்கத்தின் ஆக்டிவிட்டி லாக்கில் (செய்ததெல்லாம் பதிவாகும் பட்டியல்) குப்பைத்தொட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே போன பதிவு 30 நாள்தான் இருக்கும், அதனால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். உங்கள் லாகின் ஏஜென்ட்டின் கையில் இருந்தால் அது நீங்களேதான், முழுக் கட்டுப்பாடு உங்களிடம் இருப்பதால் பக்கத்தையே அழிக்கவும் அதற்கு வழி இருந்தது.

செம்மண் சாலை:
அழிக்காதே என்று எழுதி வைத்தால் அது வேண்டுகோள்தான், பூட்டு ஆகாது. 2025 ஜூலையில் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின் எதையும் மாற்றாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் நிரல் எழுதித் தரும் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்ட் அவருடைய தரவுத்தளத்தை அழித்தது. ஃபேஸ்புக்கில் இன்னொரு சிக்கல், வெளி மென்பொருளுக்குக் கொடுக்கும் 'பேஜஸ் மேனேஜ் போஸ்ட்ஸ்' என்ற அனுமதியில் எழுதுவது, திருத்துவது, அழிப்பது மூன்றும் ஒரே கட்டாக வரும், பிரித்துத் தர மாட்டார்கள். ஆகவே நடுவில் சின்ன நிரல் ஒன்று வையுங்கள். பக்கத்துக்குள் நுழையும் சாவியான டோக்கன் அந்த நிரலிடம் இருக்கட்டும், ஏஜென்ட்டுக்குப் 'பதிவு போடு', 'பதில் எழுது' என்ற இரண்டு கருவிகள் மட்டும் தெரியட்டும். அழி என்ற கருவியே இல்லையென்றால் அது எப்படிக் குழம்பினாலும் அழிக்க முடியாது. யூடியூப் வைத்திருந்தால் அங்கே ஏற்றுவதற்கு மட்டும் தனி அனுமதி உண்டு, அதை மட்டும் கொடுங்கள், ஏனென்றால் யூடியூபில் அழித்த காணொளியை மீட்க வழியில்லை.

கித்தா காடு:
ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தால் ஏஜென்ட் எதற்கு தம்பி?

செம்மண் சாலை:
எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டாம் ஐயா, அப்படிக் கேட்டால் பத்தாவது தடவை படிக்காமலே சரி என்று அழுத்திவிடுவோம். திரும்ப எடுக்க முடியாததற்கு மட்டும் கேட்கட்டும். எதை நீக்கலாம் என்று பட்டியல் எழுதித் தரட்டும், அழுத்துவது மனிதக் கையாக இருக்கட்டும். இன்னொன்று, அது கருத்துகளையும் படிக்கிறது. யாரோ ஒருவன் வந்து 'பழைய பதிவுகளை நீக்கு' என்று எழுதிவிட்டுப் போனால் அதையே உங்கள் உத்தரவு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பூட்டை வெளியே வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

பழைய லயம்:
குப்பைத்தொட்டியில் 31-ம் இருந்தது, எல்லாவற்றையும் மீட்டுவிட்டேன். அக்கா எழுதியதும் அப்படியே இருக்கிறது. லாகினைப் பிடுங்கிவிட்டேன், தங்கை மகன் நிரல் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறான். இன்றிரவு ஒவ்வொரு படத்தின் அடியிலும் உள்ள பேரையும் பேச்சையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் எட்டாவது படம்.