ஜோயலுக்கு ஆம்ப்: 'வீட்டுப் பாட்டுக்காரங்க' குழுவில்

ஜோயல்: எல்லாருக்கும் வணக்கம். கிட்டார் ஆம்ப் (சத்தத்தைப் பெருக்குற ஸ்பீக்கர் பெட்டி) ஒண்ணு வாங்கணும். கஃபே மாதிரி இடத்துல வாசிக்க, 40 பேர் உட்காருவாங்க. கூட கஹோன் (மேல உட்கார்ந்து தட்டுற மரப்பெட்டி), பேஸ் கிட்டார், ஒரு பாடகர். மத்த நாள்ல வீட்ல ராத்திரி ரெக்கார்டிங். பட்ஜெட் 40,000. எத்தனை வாட்ஸ் எடுக்கலாம்?

செல்வின் மாமா: மாப்ள, வாட்ஸைக் கடைசில பாப்போம். பின்பக்கம் என்னென்ன ஓட்டை இருக்குன்னு முதல்ல பாரு.

பெரியம்மா: ஓட்டை இருந்தா ஏன்டா வாங்கணும்?

செல்வின் மாமா: ஜாக் சொருகுற ஓட்டைக்கா 😀

டேவிட் அண்ணன்: வாட்ஸ் பத்தி ஒரு கணக்கு மட்டும் சொல்லிடுறேன். 12 இன்ச் கிட்டார் ஸ்பீக்கருக்கு 1 வாட் குடுத்தா 1 மீட்டர் தூரத்துல 97, 98 டெசிபல் வரும். அதுவே வீட்ல காதைப் பொத்துற சத்தம். 15 வாட்ல இருந்து 50க்குப் போனா கூடுறது வெறும் 5 டெசிபல்தான். ரெண்டு மடங்கு சத்தமா காதுக்குத் தெரியணும்னா வாட்ஸ் பத்து மடங்கு ஏறணும்.

ஜோயல்: அப்போ 5 வாட் வாங்கினா வீட்டுக்கு அமைதியா இருக்கும்னு சொல்றது?

டேவிட் அண்ணன்: பொய். 5 வாட் டியூப் ஆம்பை (கண்ணாடி வால்வுல ஓடுறது) அது நல்லா ஒலிக்கிற இடத்துக்கு ஏத்தினா மேல்மாடிக்காரர் கீழ இறங்கி வருவார். கஃபேல அதே 5 வாட் கிளீன் டோன்ல (கரகரப்பு இல்லாத ஒலி) கஹோன் சத்தத்தை எட்டுறதுக்கு முன்னாடியே ஒலி உடைய ஆரம்பிச்சிடும். ரெண்டு பக்கமும் நஷ்டம்.

ஜோயல்: டியூப்தான் வேணும்னு ஆசையா இருந்துச்சு அண்ணா. ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர், இல்லன்னா வாக்ஸ் ஏசி15.

டேவிட் அண்ணன்: ரெண்டும் 15 வாட், ரெண்டுலயும் பவர் டியூப் ஒரு ஜோடி ஈஎல்84. கஃபேக்கு அருமை. ஆனா புதுசா எடுத்தா உன் பட்ஜெட் தாண்டிடும். ஏசி15 எடை 22 கிலோ கிட்ட, ஸ்கூட்டி முன்னாடி நிக்காது, ஒவ்வொரு தடவையும் ஆட்டோதான். பழசு கிடைச்சாலும் ராத்திரி ரெக்கார்டிங்குக்கு லோட் பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலா பவரை வாங்கிக்கிற பெட்டி) தனியா வாங்கணும்.

ஜோயல்: ஸ்பீக்கர் வயரைக் கழட்டிட்டு அந்த அவுட்டை நேரா இன்டர்ஃபேஸ்ல (கம்ப்யூட்டருக்கு ஒலியை அனுப்புற பெட்டி) குடுத்தா?

டேவிட் அண்ணன்: ஐயோ, செஞ்சுடாத. ரெண்டு பொருள் போயிடும். ஸ்பீக்கர் அவுட்ல வர்றது பவர், இன்டர்ஃபேஸ் இன்புட் கருகும். டியூப் ஆம்ப்ல ஸ்பீக்கரோ லோடோ இல்லாம வாசிச்சா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்ல வோல்டேஜ் எகிறி உள்ள இன்சுலேஷன் உடையும். அந்த டிரான்ஸ்ஃபார்மரை மாத்துற செலவுக்கு இன்னொரு சின்ன ஆம்பே வாங்கிடலாம்.

நிர்மலா அக்கா: தம்பி, உன் வேலையில முக்கால்வாசி வீட்ல. அதனால யூஎஸ்பி இருக்கிற மாடலிங் ஆம்ப் (பல ஆம்ப்களோட ஒலியை டிஜிட்டல்ல போலச் செய்றது) எடு. பாஸ் (Boss) கம்பெனியோட கட்டானா 50 உன் பட்ஜெட்ல வரும்னு நெனைக்கிறேன், கடைல விசாரி. 12 இன்ச் ஸ்பீக்கர், பவர் ஸ்விட்ச்ல 50, 25, 0.5 வாட். எடை 12 கிலோ கிட்ட.

ஜோயல்: 0.5ல வச்சா ராத்திரி ஸ்பீக்கர்லயே வாசிக்கலாமாக்கா?

நிர்மலா அக்கா: டேவிட் கணக்குப்படி 0.5 வாட்னா இன்னும் 95 டெசிபல் கிட்ட. மாஸ்டரையும் (மொத்த வால்யூம்) இறக்கினாதான் அடங்கும். 10 மணிக்கு மேல ஹெட்போன், யூஎஸ்பி மட்டும்.

செல்வின் மாமா: நிர்மலா சொன்னது சரி, ஆனா ஓட்டை விஷயம் இங்கதான் வருது. கட்டானா 50ல ஹெட்போனும் ரெக்கார்டிங் அவுட்டும் ஒரே ஜாக். அதுல எதைச் சொருகினாலும் ஸ்பீக்கர் ஊமையாயிடும். ஸ்டேஜ்ல ஸ்பீக்கரும் கேக்கணும், மிக்சருக்கும் (எல்லா ஒலியையும் சேர்க்கிற பெட்டி) போகணும்னா அந்த ஜாக் உதவாது. மைக்தான் வைக்கணும். 100 மாடல்ல மிக்சருக்கு அனுப்புற லைன் அவுட் தனியா இருக்கு, ஸ்பீக்கரும் ஓடும். உனக்கு 50 வாட் சத்தம் தாராளம். 100 எடுத்தா அந்த ஜாக்குக்காக எடு.

ஜோயல்: ஹெட்போன் ஜாக்ல இருந்து மிக்சருக்கு ஒரு கேபிள் போட்டா போதாதா? கடைல ஸ்டீரியோ ஜாக் டு எக்ஸ்எல்ஆர் (மூணு பின் மைக் பிளக்) கிடைக்குதே.

செல்வின் மாமா: அதை வாங்காத. சொருகுவ, மீட்டர் லேசா ஆடும், கிட்டார் மட்டும் காணாமப் போயிருக்கும். ஹெட்போன் ஜாக்ல நுனி இடது, வளையம் வலது. மிக்சரோட பேலன்ஸ்டு இன்புட் ரெண்டாவதைத் தலைகீழாக்கிக் கூட்டும். ரெண்டுலயும் ஒரே கிட்டார்தானே, ஒண்ணை ஒண்ணு தின்னுடும். மிஞ்சுறது ஸ்டீரியோ ரிவெர்ப்போட வால் மட்டும். ஸ்டீரியோவை ரெண்டு மோனோவாப் பிரிக்கிற ஒய் கேபிள் போடு, இடதை மட்டும் டிஐ பாக்ஸ்ல (சிக்னலை மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்துற சின்னப் பெட்டி) குடு, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர்.

நிர்மலா அக்கா: மாமா, அப்படி டிஐ வரைக்கும் போறதுன்னா ஆம்பே எதுக்கு? மல்டி எஃபெக்ட் பெடல் ஒண்ணு வாங்கி நேரா மிக்சர்ல குடுத்துடலாமே. தோள்பைல போயிடும்.

செல்வின் மாமா: நல்ல மானிட்டர் (வாசிக்கிறவனைப் பார்த்து வைக்கிற ஸ்பீக்கர்) இருக்கிற ஹாலுக்குச் சரி. சின்ன கஃபேல என்ன இருக்கும்? கம்பத்துல ரெண்டு ஸ்பீக்கர், ரெண்டும் கூட்டத்தைப் பார்த்து. வாசிக்கிறவன் அதுக்குப் பின்னாடி. அவனுக்குத் தன் கிட்டார் கேக்காது, கேக்கலன்னு ஏத்துவான், முன் மேசைக்காரர் பில் கேட்டு எழுந்திருப்பார். ஆம்ப் இருந்தா அதுவே அவனுக்கு மானிட்டர். 40 பேருக்கு கிட்டாரை மிக்சர்ல குடுக்கவே தேவைப்படாது.

நிர்மலா அக்கா: ஒத்துக்கறேன்.

ஜோயல்: ஆம்பை எங்க வைக்கணும் மாமா?

செல்வின் மாமா: தரைல வைக்காத. கிட்டார் ஸ்பீக்கர்ல டிரெபிள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராப் போகும். தரைல வச்சா உன் முழங்காலுக்குத்தான் நல்ல டோன். மந்தமா இருக்குன்னு நீ டிரெபிளை ஏத்துவ, நேர் எதிர்ல உட்கார்ந்தவருக்குக் காது கிழியும். பலமான நாற்காலி மேல வச்சு லேசாப் பின்னால சாய்ச்சு உன் தலையைப் பார்த்து விடு.

இன்னொண்ணு. வீட்ல மெதுவா வச்சு செட் பண்ணின டோனை அப்படியே மேடைல எடுக்காத. சத்தம் குறைஞ்சா காதுக்கு பேஸும் உச்ச டிரெபிளும் கம்மியாத் தெரியும். அதனால நாம அது ரெண்டையும் ஏத்தி மிட்டை (நடு ஒலியை) இறக்கி வைப்போம். கஃபேல அதே செட்டிங்ல பேஸ் கிட்டாரோட உன் பேஸ் மோதும், மிட் இல்லாததால நீ காணாமப் போவ. வீட்டுக்கு ஒரு பேட்ச் (சேவ் பண்ணி வைக்கிற செட்டிங்), மேடைக்கு ஒண்ணு. மேடை பேட்ச்ல பேஸை 4, மிட்டை 6ல ஆரம்பி.

டேவிட் அண்ணன்: எர்த் பத்தி யாரும் சொல்லல. இதுதான் ஆபத்து. கிட்டார் கம்பி ஆம்போட எர்த்ல, பாடுற மைக்கோட வலை மிக்சரோட எர்த்ல. ரெண்டு பிளக்கும் வேற வேற பாயின்ட்ல இருந்து, ஒண்ணுல எர்த் செத்திருந்தா, கம்பியைப் பிடிச்சுட்டு மைக்ல உதடு வச்சவனுக்கு அடிக்கும். வாசிக்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை ஏசில வச்சு ஒரு முனை மைக் வலைல, இன்னொரு முனை கிட்டார் பிரிட்ஜ்ல. 0 கிட்ட காட்டணும். பத்து, இருபது காட்டினா வாசிக்காத. ஆம்ப், மிக்சர் ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாத்து, அந்த பாயின்ட்ல எர்த் இருக்கான்னு பாரு: ஃபேஸ்-எர்த் 230 கிட்ட, நியூட்ரல்-எர்த் 2, 3 வோல்ட்டுக்குள்ள.

செல்வின் மாமா: ஹம் (உர்ர்னு இரைச்சல்) வருதுன்னு பிளக்கோட மூணாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, உடைக்கிறவனும் இருக்கான். உடைச்சா ஹம் போகும், கூடவே ஆளும் போகலாம். ஹம்முக்கு டிஐ பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கு.

பெரியம்மா: ஜோயல் இதை நல்லாப் படிச்சுக்கோ.

ஜோயல்: சரி பெரியம்மா. வீட்ல என் கிட்டார்ல கர்ர்ர்னு ஒரு சத்தம், அதுவும் எர்த்தா?

டேவிட் அண்ணன்: சிங்கிள் காயில் பிக்கப்பா? ஃபேன் ரெகுலேட்டர் வழவழன்னு சுத்துற டைப்பா?

ஜோயல்: ஆமா, ரெண்டும்.

டேவிட் அண்ணன்: அந்த ரெகுலேட்டர் கரண்டை நறுக்கி நறுக்கி விடும், பிக்கப் அதைப் பிடிக்கும். ஃபேனை அணைச்சுப் பாரு, சத்தம் நின்னா அதுதான். டக் டக்னு படிப்படியா திரும்புற டைப் மாத்திடு.

நிர்மலா அக்கா: ரெக்கார்டிங் முறை எழுதுறேன், சேவ் பண்ணிக்கோ. யூஎஸ்பில எடுத்தா ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் செட்டிங்ல 24 பிட், பஃபர் 128. பலமா அடிக்கிறப்போ மீட்டர் -12 டெசிபல் கிட்ட நிக்கட்டும். கிட்டார் ரெட்டையா, குழாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி கேட்டா ஆம்ப்ல நேரா வர்றதும் சாஃப்ட்வேர் மானிட்டரும் சேர்ந்து கேக்குது, ஒண்ணை அணை. மிக்ஸ்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டு.

பகல்ல மைக் வச்சு எடுத்தா எஸ்எம்57 மாதிரி டைனமிக் மைக் போதும். கிரில் துணி மேல போன் டார்ச் அடி, உள்ள நடுவுல வட்ட மூடி தெரியும். அந்த மூடி முடிஞ்சு கோன் ஆரம்பிக்கிற ஓரத்துக்கு நேரா, துணில இருந்து ரெண்டு விரல் தள்ளி மைக். குத்துதா, ஒரு சென்டிமீட்டர் வெளிப்பக்கம் நகர்த்து. மந்தமா இருந்தா உள்பக்கம். ஈக்யூவை (பேஸ், டிரெபிள் சரி பண்றது) தொடுறதுக்கு முன்னாடி இதைச் செய்.

பெரியம்மா: ஃபேனை அணைக்கச் சொல்லு, குக்கர் விசில் எல்லாம் பதியும்.

நிர்மலா அக்கா: அம்மாவுக்கே தெரிஞ்சிருக்கு 😄

ஜோயல்: (போட்டோ) கடைல இருக்கேன். இது 50. பின்பக்கம் இதுதான். கிட்டாரும் கேபிளும் என்னோடதுதான்.

செல்வின் மாமா: நல்லது. இப்போ கிட்டார் வால்யூமை 0ல வச்சுட்டு மாஸ்டரை முழுசா ஏத்து. வர்ற இரைச்சல் ஆம்ப்போடது. அப்புறம் மாஸ்டரை இறக்கிட்டு கிட்டார் வால்யூமை ஏத்தி, தடிச்ச ஈ கம்பியை அழுத்தாம ஆரம்பிச்சு பத்தாவது ஃபிரெட் வரை ஒவ்வொண்ணா வாசி. ஏதாவது ஒரு நோட்டுக்கு மட்டும் கடகடன்னா ஆம்ப் கைப்பிடி ஸ்க்ரூவோ பின் பலகையோ தளர்ந்திருக்கு.

ஜோயல்: ஜி நோட்ல ஒரு கடகட.

செல்வின் மாமா: கைப்பிடியை அழுத்திப் பிடிச்சுட்டு திரும்ப வாசி.

ஜோயல்: நின்னுடுச்சு.

செல்வின் மாமா: ஸ்க்ரூதான். கடைக்காரரை முறுக்கித் தரச் சொல்லு, திரும்ப ஒரு தடவை ஜி வாசிச்சுட்டு பில் போடு. டிஐ பாக்ஸ் என்கிட்ட ரெண்டு இருக்கு, வாங்காத.