ரெட் ஆரோஸ் ஹாக்: வயிற்றுக்கடியில் தொங்குவது டாங்கியா, பீரங்கியா?

பசைக்குப்பி:

எல்லோருக்கும் வணக்கம். ஏர்ஃபிக்ஸ் 1/72 ஹாக் ஜெட் விமான மாடல் கிட் ஒன்றை, பிரிட்டிஷ் விமானப்படையின் ஒன்பது விமான சாகசக் குழுவான ரெட் ஆரோஸ் வண்ணத்தில் செய்யப்போகிறேன். பசை தொடும் முன்னால் மூணு சந்தேகம்.

வயிற்றுக்கு நடுவில் நீளமாக ஒரு பாட் (வெளியே மாட்டும் கூடு) வருகிறதே, அது என்ன? எரிபொருள் டாங்கி என்கிறார்கள், பீரங்கி என்கிறார்கள், புகை அதிலிருந்துதான் வருகிறது என்கிறார்கள். அப்படியென்றால் வீடியோவில் புகை ஏன் வாலிலிருந்து கிளம்புகிறது?

ஒரே விமானம் வெள்ளை, சிவப்பு, நீலம் மூணையும் விடுகிறது. எஞ்சினுக்குள் சாயத்தை ஊற்றி எரிக்கிறார்களா?

கடைசியாக, ஒரு ஊரில் ஷோ முழுக்க லூப்பாக (செங்குத்து வட்டமாக) அடிக்கிறார்கள். அதே வருஷம் இன்னொரு ஊரில் குறுக்கே பறந்து வளைந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆளைப் பார்த்து ஆட்டமா?

வால்துடுப்பு:

முதல் ரெண்டுக்கு நான் சொல்கிறேன். மூணாவது நாலாம்நம்பர் சாருடைய ஏரியா.

சாதாரண ஹாக் டி1 பயிற்சி விமானத்தில் அந்த இடத்தில் 30 மி.மீ. ஏடன் பீரங்கி பாட் மாட்டலாம். அதனால்தான் பீரங்கி என்ற பேச்சு. ரெட் ஆரோஸ் விமானத்தில் அங்கே தொங்குவது புகை பாட். உள்ளே மூன்று தொட்டிகள்: டீசலுக்கு 50 கேலன், சிவப்புச் சாயத்துக்கு 10, நீலச் சாயத்துக்கு 10. பிரிட்டிஷ் கேலன் என்பதால் டீசல் சுமார் 227 லிட்டர், சாயம் ஒவ்வொன்றும் 45 லிட்டர். எஞ்சினுக்கான எரிபொருள் இதில் இல்லை.

அங்கிருந்து குழாய்கள் பின்னால் ஓடி, ஜெட் பைப்பின் (எஞ்சின் காற்று வெளியேறும் பின்குழாய்) வாயோரம் முடிகின்றன. கிட்டில் அந்தக் குழாய் இல்லையென்றால் மெல்லிய கம்பியை வெட்டி ஒட்டுங்கள். 1/72-இல் தலைமுடி கனம் போதும். நீங்கள் செய்யும் வருஷத்துப் புகைப்படத்தைப் பார்த்து இடத்தைக் குறியுங்கள்.

எஞ்சினுக்குள் எதுவும் ஊற்றுவதில்லை. எரிந்து முடிந்து வெளியே பாயும் சூடான காற்றில் டீசலைப் பீய்ச்சுகிறார்கள். அந்தச் சூட்டில் டீசல் அந்த நொடியே ஆவியாகிறது. கொஞ்ச தூரம் போவதற்குள் குளிர்ந்த வெளிக்காற்று கலந்து, ஆவி மறுபடி நுண்துளிகளாக மாறுகிறது. நாம் பார்ப்பது அந்தத் துளிப்படலம். புகை என்று பேச்சுக்குச் சொல்கிறோம், உண்மையில் அது எண்ணெய் மூடுபனி. வெறும் டீசல் என்றால் வெள்ளை. சாயம் சேர்ந்தால் அந்தந்த நிறம்.

"அவ்வளவு சூட்டில் டீசல் பற்றிக்கொள்ளாதா?" என்று அடுத்து கேட்பீர்கள். பற்றுவதற்கு நேரம் வேண்டும். பாயும் வேகமும் சட்டென்று குளிர்வதும் அந்த நேரத்தைத் தருவதில்லை. ஹாக்கில் ஆஃப்டர்பர்னரும் (எஞ்சினுக்குப் பின்னால் கூடுதலாக எரிபொருளை எரிக்கும் பகுதி) கிடையாது. அது இருந்து, எரிந்துகொண்டும் இருந்தால் கதையே வேறு. ஆஸ்திரேலிய எஃப்-111 விமானங்கள் எரிபொருளைப் பின்னால் கொட்டி, ஆஃப்டர்பர்னர் தீயில் பற்றவைத்து, நீளமான நெருப்பு வாலோடு போனது அந்த வழியில்தான்.

திராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) பாதிக்குக் கீழே இழுத்தால் எஞ்சினிலிருந்து வரும் காற்றின் சூடு இறங்கும், புகை மெலியும். ரொம்பவும் இறங்கினால் டீசல் முழுதாக ஆவியாகாமல் துளியாகவே சிந்தி வால் பகுதியை நனைக்கும். உங்கள் மாடலில் ஜெட் பைப் சுற்றிலும் கொஞ்சம் எண்ணெய்க் கறை போட்டால் நியாயம்தான். ஆனால் கொஞ்சம் மட்டும். இவர்கள் விமானத்தைத் துடைத்துத் துடைத்தே வைத்திருப்பார்கள்.

எண்ணெய்ச்சட்டி:

20 நிமிஷத்துக்கு மேல் ஷோ நடக்கிறது. 227 லிட்டர் டீசல் எத்தனை நேரம் வரும்? பார்த்தால் முழுக்கப் புகை விடுகிற மாதிரித்தானே தெரிகிறது?

வால்துடுப்பு:

வெள்ளை 5 நிமிடம், சிவப்பு 1 நிமிடம், நீலம் 1 நிமிடம். ஒரு விமானத்துக்கு மொத்தம் 7 நிமிடம்தான். வகுத்துப் பாருங்கள், எந்த நிறமானாலும் நிமிடத்துக்கு 10 கேலன், அதாவது விநாடிக்கு முக்கால் லிட்டர்.

அதனால் புகை கஞ்சத்தனமாகத்தான் செலவாகும். தலைவர் ரேடியோவில் "ஸ்மோக் ஆன், கோ" என்று சொல்ல, அந்த "கோ"வில் ஒன்பது பேரும் கைப்பிடியில் உள்ள பட்டனை அழுத்துவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பட்டன். உருவம் மாற்றும்போதும், கூட்டத்துக்கு முதுகு காட்டித் திரும்பும்போதும் புகையை நிறுத்திவிடுவார்கள். ஆனால் முன்பு விட்டது வானத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும், அதனால்தான் முழுக்க விடுகிற மாதிரி கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்புக்கும் நீலத்துக்கும் மொத்தமே 60 விநாடி என்பதால் எந்த உருவத்தில் எந்த நிறம் எத்தனை விநாடி என்று முன்கூட்டியே எழுதிவைத்த கணக்கு இருக்கும். ஒருவர் முந்தைய உருவத்தில் நாலு விநாடி கூடுதலாக அழுத்திவிட்டால், கடைசி உருவத்தில் அவர் கோடு மட்டும் நாலு விநாடி முன்னால் அறுந்துபோகும். தரையிலிருந்து பார்ப்பவருக்கும் அது தெரியும்.

இறங்கியதும் மறுபடி நிரப்புவது டை டீம் (சாயக் குழு) என்ற தனிக் குழு. சாயம் மேலே பட்டால் லேசில் போகாது, அதனால் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டுதான் வேலை.

நாலாம்நம்பர்:

புகையை வெறும் அலங்காரமாக நினைக்க வேண்டாம். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று தலைவருக்குக் காட்டுவது அதுதான். பின்பாதி ஷோவில் குழு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி கூட்டத்துக்கு முன்னால் இருக்கும்போது மறுபாதி பல கிலோமீட்டர் தள்ளித் திரும்பிக்கொண்டிருக்கும். அவ்வளவு தூரத்தில் சிவப்பு விமானம் ஒரு புள்ளி. புகைதான் அவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

இனி மூணாவது கேள்வி. ஆளைப் பார்த்து இல்லை, மேகத்தைப் பார்த்து ஆட்டம். மூன்று விதமான ஷோ தயாராக வைத்திருப்பார்கள். மேகத்தின் அடிப்பாகம் லூப்புக்குப் போதுமான உயரத்தில் இருந்தால் முழு லூப் ஷோ. அதைவிடத் தாழ்ந்து, ஆனால் 2,500 அடிக்கு மேலே என்றால் ரோலிங் ஷோ, அதாவது லூப்புக்குப் பதிலாக விங்-ஓவரும் (ஏறிச் சாய்ந்து திரும்புவது) ரோலும் (பக்கவாட்டில் உருள்வது). 2,500-க்கும் கீழே என்றால் ஃப்ளாட் ஷோ. நீங்கள் பார்த்த "குறுக்கே பறந்து வளைகிற" ஷோ இந்தக் கடைசி ரகம்.

ஏன் இந்த எல்லை என்றால், லூப்பின் உச்சியில் மேகத்துக்குள் நுழைந்தால் பக்கத்து விமானம் கண்ணிலிருந்து மறையும். அங்கே எல்லோரும் தலைகீழாக, ஷோவிலேயே மிகக் குறைந்த வேகத்தில், சில மீட்டர் இடைவெளியில் இருப்பார்கள். ஆகவே சந்தேகம் இருந்தாலே கீழ் ரகத்துக்கு இறங்கிவிடுவது வழக்கம். ஷோ நடுவே மேகம் இறங்கினாலும் தலைவர் அங்கேயே மாற்றுவார்.

காற்று இன்னொரு தலைவலி. ஒரு லூப் 25 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாட் காற்று என்றால் விநாடிக்கு 15 மீட்டர். லூப் முடியும்போது மொத்தக் குழுவும் 370 மீட்டருக்கு மேல் ஒதுங்கியிருக்கும். கூட்டத்துக்கு நடுவே முடிய வேண்டியது ஓரத்தில் போய் முடியும். காற்று கூட்டத்தின் பக்கமாக அடித்தால் ஆட்கள் தலைக்கு மேலேயே தள்ளிவிடும், அது அனுமதியே இல்லை. எனவே தலைவர் காற்று வரும் திசையில் தள்ளி நின்று ஆரம்பிப்பார். பின்னால் இருக்கும் எட்டு பேருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. அவர்கள் பார்ப்பது பக்கத்து விமானத்தை மட்டும்.

எண்ணெய்ச்சட்டி:

பக்கத்து விமானத்தை மட்டும் பார்த்துப் பறப்பது எப்படி? தரையைப் பார்க்க மாட்டார்களா?

நாலாம்நம்பர்:

மாட்டார்கள், பார்க்கவும் கூடாது. பார்க்கும் விமானத்தின் உடம்பில் இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொண்டு, இரண்டும் ஒரே கோட்டில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கோடு தப்பினால் முன்னால் போய்விட்டோம் அல்லது பின்தங்கினோம் என்று அர்த்தம். திருத்தம் விரல் நுனி அளவு, இடைவிடாமல்.

ரெட் ஆரோஸின் டைமண்ட் ஒன்பதை (ஒன்பது விமானங்களின் வைர வடிவ அணி) வரிசையாக, பைலட் எண்படி சொன்னால் முன்னால் 1, பின்னால் 2-ம் 3-ம், அடுத்த வரிசையில் 4, 6, 5, அதன்பின் 8-ம் 9-ம், கடைசியில் 7. முன் ஐந்து பேருக்கு எனிட் என்று பெயர். 6-ம் 7-ம் பின்பாதியில் எதிரெதிரே பாய்கிற ஜோடி. வழக்கமாக இந்த வருஷம் 7-ஆகப் பறப்பவர் அடுத்த வருஷம் 6-ஆகி ஜோடிக்குத் தலைமை ஏற்பார். புதிதாக வருபவர்களைத் தலைவருக்குப் பக்கத்திலேயே வைப்பார்கள்.

அதற்குக் காரணம் சாட்டை. தலைவர் கை ஒரு அங்குலம் நடுங்கினால் பக்கத்திலிருப்பவர் அதைத் திருத்த ரெண்டு அங்குலம் அசைவார், அவரைப் பார்ப்பவர் நாலு அங்குலம். பிடி அசைந்தால் நுனி சீறும், அதேதான். ஓரத்தில் இருப்பவர் பக்கத்து ஆளின் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் பதில் சொல்லாமல், அதைத் தாண்டித் தலைவரின் போக்கை மனதில் வாங்கிப் பறக்க வேண்டும். அது வர ஒரு சீசன் ஆகும்.

ரோலில் இன்னொரு விஷயம். குழு வலப்பக்கம் உருளும்போது இடது ஓரத்தில் இருப்பவர் பெரிய வட்டம் சுற்றுகிறார், அவருக்குக் கூடுதல் உந்துவிசை வேண்டும். உள்பக்கத்து ஆளுக்குக் குறைவு. தலைவர் முழு பவரில் பறந்தால் ஓரத்து ஆளுக்குக் கூட்ட எதுவும் மிச்சமிருக்காது. அதனால் தலைவர் எப்போதும் கையில் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் பறப்பார். இந்தக் குழுவின் அடூர் எஞ்சினைத் திராட்டிலுக்குச் சீக்கிரம் பதில் சொல்லும்படி சற்றே மாற்றியிருப்பதும் இதற்காகத்தான்.

உயரக் கணக்கு: மொத்தக் குழுவுக்குக் குறைந்தபட்சம் 300 அடி. ஜோடிக்கு நேராகப் பறக்கையில் 100 அடி, தலைகீழாக 150 அடி. மாற்று பைலட் யாரும் கிடையாது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் எட்டு பேரோடு பறப்பார்கள், தலைவருக்கே முடியவில்லை என்றால் ஷோ ரத்து. இடத்துக்கு இடம் பார்வைக் கோடுகள் வேறு என்பதால் ஒருவர் இடத்தில் இன்னொருவரைச் சட்டென்று உட்காரவைக்க முடியாது.

சாளரம்:

ஒன்று விட்டுப்போனது: ஜி-விசை, அதாவது வேகமாக வளையும்போது உடம்பை அழுத்தும் விசை. ஆபத்து லூப்பில்தான் என்று நினைப்போம். 2011 ஆகஸ்டில் இங்கிலாந்தின் போர்ன்மத்தில் ரெட் ஆரோஸ் ஷோ முடித்து, இறங்குவதற்காகக் குழு பிரிந்து திரும்பும்போதுதான் ஒரு விமானம் விழுந்தது. அந்தத் திருப்பத்தின் ஜி-விசையில் பைலட் நினைவு தடுமாறியிருக்கக்கூடும் என்றது விசாரணை. ரத்தம் மூளைக்கு ஏறாமல் இடுப்புக்குக் கீழே தங்கிவிடும். காற்றேறும் ஜி-கால்சட்டையும், வயிற்றையும் தொடையையும் இறுக்கி மூச்சைப் பிடிப்பதும் பாதுகாப்பு. இறுக்குவதில் தாமதமானால் பலன் குறையும்.

அமெரிக்கக் கடற்படையின் சாகசக் குழுவான ப்ளூ ஏஞ்சல்ஸ் அந்தக் கால்சட்டையைப் போடுவதே இல்லை. அவர்கள் முன்னங்கையைத் தொடைமேல் ஊன்றி ஸ்டிக்கைப் பிடிக்கிறார்கள். கால்சட்டை ஊதினால் கை எகிறும், விமானமும் எகிறும்.

பசைக்குப்பி:

ரொம்ப நன்றி. பாட் விஷயம் தெளிவாகிவிட்டது. கிட் இரண்டு இருக்கிறது. மெரினாவில் 2024 அக்டோபரில் வந்த நம்ம இந்திய விமானப்படைக் குழு சூரிய கிரணும் ஹாக்தானே? இரண்டாவது கிட்டை அந்த வண்ணத்தில் அடித்துவிடலாமா?

வால்துடுப்பு:

ஹாக்தான், ஆனால் அந்த ஹாக் இல்லை. அடித்தால் தெரிந்தவர்கள் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள்.

ரெட் ஆரோஸ் 1980 சீசனிலிருந்து ஓட்டுவது முதல் தலைமுறை டி1. அதற்கு முன் ஓட்டியது நாட் (Gnat) என்ற விமானம். சூரிய கிரண் ஓட்டுவது எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) உரிமம் பெற்றுக் கட்டிய எம்கே 132. அதன் மூக்கு நீளம். எஞ்சினும் வேறு: டி1-இல் அடூர் 151, இதில் அடூர் 871, உந்துவிசை கூடுதல். காக்பிட்டைத் திறந்து காட்டும் மாடல் என்றால் இன்னும் சிக்கல். டி1-இல் முள் ஓடும் வட்ட மீட்டர்கள், 132-இல் திரைகள். ஆகவே மூக்கு, டேஷ்போர்டு ரெண்டையும் மாற்ற வேண்டும். அவ்வளவு வேலைக்கு ஹாக் 100 வரிசை கிட் வாங்கிவிடுவது லாபம்.

சூரிய கிரண் 1996-இல் பீதரில் ஆரம்பித்தது எச்.ஜே.டி.-16 கிரண் மார்க் 2 விமானத்தில். பெயரும் அங்கிருந்துதான். பயிற்சிக்கு அந்த விமானங்கள் தேவைப்பட்டதால் 2011-இல் நிறுத்தி, 2015-இல் ஹாக்கில் மறுபடி தொடங்கினார்கள். கிரண் கிட் கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. உருண்டை மூக்கும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கையுமாக அந்த விமானத்துக்குத் தனி அழகு.

ரெட் ஆரோஸ் டெக்காலில் (மாடலில் ஒட்டும் படத்தாள்) ஒரு எச்சரிக்கை. 2015-இலிருந்து வால் துடுப்பில் பிரிட்டிஷ் கொடிப் பாணி. அதற்கு முந்தைய வருஷங்களுக்கு அது பொருந்தாது, அப்போது நிமிர்ந்த மூவண்ணப் பட்டைகள். இறக்கையில் பைலான் (ஆயுதம் மாட்டும் தாங்கி) ஒட்ட வேண்டாம், ஷோவில் இறக்கை வெறுமையாகத்தான் இருக்கும். வெள்ளை டெக்காலுக்கு அடியில் சிவப்பு இளஞ்சிவப்பாகத் தெரியும், அதனால் முதலில் அந்த இடத்தில் வெள்ளை அடித்து, அதன்மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டுச் சிவப்பை அடியுங்கள்.

பசைக்குப்பி:

அப்போது முதல் கிட் 2010 வருஷத்து விமானம், பட்டை வால், வெறும் இறக்கை, குழாய்க்குக் கம்பி. இரண்டாவதைப் பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன். 1/72 கிரண் கிட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.